அண்ணன் மகள் யூடியூப் பிரீமியம் எடுத்தால் அத்தைக்கு நஷ்டமா?

விருதுநகரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"மூன்று வருஷமாக யூடியூபில் தையல் கற்றுத் தருகிறேன். 21,000 சப்ஸ்கிரைபர்கள். மாதாமாதம் வருகிற பணத்தில்தான் மகளின் கல்லூரிச் செலவு ஓடுகிறது. சிங்கப்பூரில் இருக்கும் என் அண்ணன் மகள் போன வாரம், 'அத்தை, பிரீமியம் எடுத்துட்டேன், உங்க வீடியோவுல இப்ப விளம்பரமே வர்றதில்ல' என்று சந்தோஷமாகச் சொன்னாள். எனக்குப் பகீரென்றது. விளம்பரம் வந்தால்தானே எனக்குக் காசு? எல்லாரும் இப்படி எடுத்துவிட்டால் என் கதி என்ன? பிரீமியம் எடுக்காதீர்கள் என்று வீடியோவில் சொல்லலாமா? மகள் அவள் தோழியின் பிரீமியம் போனில் என் வீடியோவை ராத்திரி முழுக்க ஓடவிடுகிறேன் என்கிறாள். செய்யலாமா?"

சகோதரி, முதலில் பயத்தை விடுங்கள். பிரீமியம் என்பது விளம்பரம் இல்லாமல் பார்க்க யூடியூபுக்கு மாதாமாதம் கட்டுகிற சந்தா. அண்ணன் மகள் பார்க்கிற நேரத்துக்கும் உங்களுக்குப் பங்கு உண்டு. அந்தப் பணம் இதுவரை விளம்பரதாரரிடமிருந்து வந்தது, இனி அவள் கட்டுகிற சந்தாவிலிருந்து வரும்.

இந்தப் பயம் புதிதல்ல. 2015 அக்டோபரில் அமெரிக்காவில் 'யூடியூப் ரெட்' என்ற பெயரில் இந்தச் சந்தா தொடங்கியபோதே அங்குள்ள சேனல்காரர்கள் கலங்கினார்கள். புதிய ஒப்பந்தத்துக்குச் சம்மதிக்காதவர்களின் வீடியோக்கள் மறைக்கப்படும் என்று யூடியூப் சொன்னதால் கோபமும் சேர்ந்துகொண்டது. 2018-ல் பெயர் பிரீமியம் ஆனது. 2019 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. அப்போது மாதம் ரூ.129. 2024 ஆகஸ்டில் அது ரூ.149 ஆனது. உலகம் முழுக்க, பாட்டுக்கான யூடியூப் மியூசிக் சந்தாவையும் இலவச சோதனைக் காலத்தில் இருப்பவர்களையும் சேர்த்து, 12.5 கோடிப் பேர் இருப்பதாக யூடியூப் 2025 மார்ச்சில் அறிவித்தது.

பங்கு எப்படிப் பிரிகிறது? உங்கள் நீள வீடியோவில் வரும் விளம்பர வருமானத்தில் உங்கள் பங்கு 55 சதவீதம். சந்தாப் பணத்திலும் சேனல்களுக்கென்று போவது அதே 55 சதவீதம்தான். ஆனால் அண்ணன் மகள் கட்டிய பணம் நேராக உங்கள் கைக்கு வருவதில்லை. சந்தாக்கள் ஒரு பொது உண்டியலில் விழுகின்றன. சந்தாதாரர்கள் எந்தச் சேனலை எவ்வளவு பார்த்தார்கள் என்ற விகிதத்தில் அதைப் பிரிக்கிறார்கள்.

புரிவதற்காக ஒரு கணக்குப் போடுவோம். இந்தியாவில் ஒருவர் கட்டும் ரூ.149-ல் 18 சதவீத ஜி.எஸ்.டி. போனால் சுமார் ரூ.126. அதில் 55 சதவீதம் ரூ.69. அவர் மாதம் 30 மணி நேரம் யூடியூப் பார்த்து, அதில் 3 மணி நேரம் உங்கள் தையல் பாடமாக இருந்தால், பத்தில் ஒரு பங்கு. கிட்டத்தட்ட ரூ.7. உண்டியல் பொதுவானது என்பதாலும், குடும்பத் திட்டம், மாணவர் திட்டம், பாட்டு உரிமைக்காரர்களின் பங்கு என்று பல இருப்பதாலும் நிஜத்தில் தொகை இப்படியே வராது. ஆனாலும் ஒரே ஒரு பார்வையாளரிடமிருந்து ஏழு ரூபாய் என்பது எவ்வளவு என்று விளம்பரக் காசு வாங்கிப் பழகிய உங்களுக்கே தெரியும்.

உங்கள் மாதிரி சேனலுக்கு இந்த முறை பொருந்திவரும் என்றே நினைக்கிறேன். பிளவுஸ் கட்டிங் பாடம் பார்க்கிறவர் எப்படிப் பார்க்கிறார்? மிஷின் மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, கைக்குழி வளைவு வரைகிற இடத்தில் நிறுத்துவார். துணியை மடிப்பார், சாக்பீஸால் கோடு போடுவார், சந்தேகம் வந்து பத்து விநாடி பின்னால் இழுத்து மறுபடி ஓட்டுவார். 35 நிமிஷப் பாடத்தைப் பாதியில் விட்டால் பிளவுஸும் பாதியில் நிற்கும், அதனால் கடைசிவரை பார்ப்பார். விளம்பரக் கணக்கில் அவருக்கு எத்தனை விளம்பரம் காட்ட முடிந்தது, அதற்கு என்ன விலை கிடைத்தது என்பதுதான் எண்ணிக்கை. சந்தா உண்டியலில் உங்களோடு எவ்வளவு இருந்தார் என்பதற்கு மதிப்பு. திரையை அணைத்துவிட்டுக் காதால் கேட்டாலும், டவுன்லோடு செய்து பஸ்ஸில் இன்டர்நெட் இல்லாமல் பார்த்தாலும் அந்த நேரம் கணக்கில் சேரும்.

அடுத்தது முக்கியம். "விளம்பரமே வரலை" என்று யாராவது சொன்னால், ஏன் வரவில்லை என்று கேளுங்கள். பிரீமியமா, சரி. விளம்பரத்தை வரவிடாமல் மறைக்கிற தடுப்பான் மென்பொருளா? அப்படியானால் உங்களுக்கு வருவது பூஜ்யம். விளம்பரமும் இல்லை, சந்தாவும் இல்லை. பலர் இந்த இரண்டும் ஒன்றென்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தடுப்பான் போட்டவர் உங்கள் மேல் பிரியமில்லாதவர் அல்ல, அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். மூன்றாவதாக, விளம்பரதாரர்களுக்கு அவ்வளவாக ஏற்றதல்ல என்று யூடியூப் போடும் மஞ்சள் டாலர் குறி வீடியோவுக்கே விழுந்து விளம்பரம் குறைந்திருக்கலாம். அப்படிப்பட்ட வீடியோவுக்கும் பிரீமியம் பங்கு தொடர்ந்து கிடைக்கும் என்பது ஒரு ஆறுதல்.

ஆகவே "பிரீமியம் எடுக்காதீர்கள்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அது உங்கள் கையாலேயே உங்கள் வருமானத்தைத் தட்டிவிடுவது. கேட்பதானால், தடுப்பானை என் சேனலுக்கு மட்டும் நிறுத்தி வையுங்கள் என்று கேளுங்கள்.

எல்லாம் நல்லது என்றும் சொல்லமாட்டேன். மிஷின் கடையோ லைனிங் துணிக் கடையோ உங்களுக்குப் பணம் கொடுத்து, வீடியோவுக்கு நடுவில் ஒரு நிமிஷம் அவர்களைப் பற்றிப் பேசச் சொன்னால், பிரீமியம்காரருக்கும் அது தெரியும். அதை யூடியூப் வெட்டுவதில்லை. ஆனால் பலரும் தாண்டிப்போகிற பகுதியை ஒரே தட்டில் தாண்ட 'ஜம்ப் அஹெட்' என்ற வசதி அவர்களுக்கு உண்டு. விளம்பரத்துக்குப் பயந்து காசு கட்டியவர் உங்கள் கடை விளம்பரத்தைப் பொறுமையாகக் கேட்பார் என்று எதிர்பார்க்க முடியாது. அந்த மிஷினிலேயே அன்றைய பாடத்தைத் தைத்துக் காட்டுங்கள். அப்போது தாண்டினால் பாடமும் போய்விடும். பணம் வாங்கிச் செய்கிறீர்கள் என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

ஷார்ட்ஸ் என்கிற குட்டி வீடியோக்களின் கணக்கு வேறு. அதில் சேனலின் பங்கு 45 சதவீதம்தான், நிமிஷமும் குறைவு. நீளப் பாடத்துக்கு ஆள் கூட்டிவர மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

ராத்திரி முழுக்க ஓடவிடுகிற யோசனை வேண்டவே வேண்டாம். உங்கள் மகள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறாள். ஆனால் இது செயற்கைப் பார்வை. யூடியூப் கண்டுபிடித்தால் அந்த வருமானத்தைக் கழிக்கும், தொடர்ந்தால் சேனலுக்கு வருமானத்தையே நிறுத்தும். ஏழெட்டு ரூபாய்க்காக மூன்று வருஷ உழைப்பைப் பணயம் வைக்காதீர்கள்.

உங்களுக்கு நேராக உதவ நினைக்கிறவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. இங்கே வார்த்தைக் குழப்பம் நிறைய. சப்ஸ்கிரைப் பட்டன் இலவசம். பிரீமியம் என்பது யூடியூபுக்குக் கட்டும் சந்தா. மாதாமாதம் கட்டும் சேனல் மெம்பர்ஷிப்பும், ஒரு வீடியோவுக்கு அன்பளிப்பாகத் தரும் சூப்பர் தேங்க்ஸும் உங்களுக்கென்றே கொடுப்பது, அதில் உங்களுக்கு 70 சதவீதம். நாற்பது பேர் மெம்பராகச் சேர்ந்து, அவர்களுக்கு மாதம் ஒரு பேப்பர் கட்டிங் அளவுத் தாள் கொடுத்தால், எந்த உண்டியலையும் நம்பாத ஒரு வருமானம் நிற்கும். அண்ணன் மகளுக்கு மனசிருந்தால் அவளையே முதல் மெம்பராகச் சேருங்கள்.

இன்று ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் சேனலை நிர்வகிக்கும் யூடியூப் ஸ்டூடியோவில் அனலிடிக்ஸ், அதில் ரெவென்யூ போய், விரிவான அறிக்கையைத் திறந்து, வருமானம் வந்த வழி வாரியாகப் பிரித்துப் பாருங்கள். 'யூடியூப் பிரீமியம்' என்று தனி வரி இருக்கும். ஒரு மாதத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், கடைசி ஆறு மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அங்கே சி.பி.எம். என்று தெரிவது விளம்பரத்தைப் பற்றியது மட்டும். பிரீமியம், மெம்பர்ஷிப் எல்லாம் சேர்ந்து ஆயிரம் பார்வைக்கு உங்கள் கைக்கு வருவது ஆர்.பி.எம். நீங்கள் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

அந்த வரியில் ஏதாவது ஒரு வீடியோவுக்கு மட்டும் ஒன்றுமே வரவில்லை என்றால், பின்னணியில் சினிமாப் பாட்டு ஓடுகிறதா பாருங்கள். தையல் கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருப்பது சகஜம்தான். ஆனால் பாட்டு உரிமைக்காரர் உரிமை கோரினால் விளம்பரக் காசோடு பிரீமியம் காசும் அவருக்குப் போய்விடும். ஸ்டூடியோ எடிட்டரில் அந்தப் பாட்டை மட்டும் அழிக்கும் வசதி இருக்கிறது. பாடம் அப்படியே இருக்கும், கோரிக்கை நீங்கிவிட்டால் அதன் பிறகு வரும் வருமானம் மறுபடி உங்கள் கணக்குக்கு வரும்.