மடம் என்னும் சொல்: கேள்வி பதில்

தொண்டி வாசகி: "அவ மடத்துக்குப் போயிட்டா" என்றால் கன்னியாஸ்திரீ ஆகிவிட்டாள் என்றுதானே பொருள்?

ஆமாம். நம் கரையில் வேதக்காரர் (கிறிஸ்தவர்) பேச்சில் மடம் என்றால் முதலில் கன்னியர் மடம்தான். "மடத்துல சிஸ்டரைப் பார்த்துட்டு வா" என்றால் சிஸ்டர்மார் குடியிருக்கும் வெறும் வீடு.

முதுகுளத்தூர் வாசகர்: மடத்தனமும் இதே மடமா?

இல்லை. தொல்காப்பியம் 'அச்சமும் நாணும் மடனும்' என்கிறதே, அந்த மடம் அறியாமை, தமிழ்ச்சொல். துறவியர் தங்கும் மடம் வடமொழியிலிருந்து வந்தது. ஒலியை நம்பி வேர் தேடாதீர்கள்.

மண்டபம் வாசகர்: கான்வென்ட்?

லத்தீனில் 'கூடிவருதல்' என்ற சொல்லின் வழி வந்தது. மொனாஸ்டரி என்பதோ 'தனித்து' என்ற கிரேக்க வேரில் பிறந்தது. கூடி வாழ்ந்தாலும் தனித்து வாழ்ந்தாலும் நமக்கு மடம் ஒன்றுதான். கன்னியரே இல்லாத இங்கிலீஷ் மீடியம் பள்ளியையும் கான்வென்ட் என்கிறோம்.

பாம்பன் வாசகர்: தங்கச்சிமடம் கன்னியர் மடத்தால் வந்த பெயரா?

இல்லவே இல்லை. 1914இல் ரயில் பாலம் வரும்வரை சேது யாத்திரைக்காரர்கள் கடலைப் படகில் கடந்தார்கள். பாம்பனில் இறங்கி ராமேஸ்வரம் போகும் வழியில் அக்காள்மடம், தங்கச்சிமடம். அங்கே மடம் என்றால் வழிப்போக்கர் தங்கிச் செல்லும் இடம்; சத்திரம் மாதிரி.

தங்கச்சிமடம் வாசகர்: ஐயா, ஊரில் வேதக்காரர் எவ்வளவு பேர்! சிஸ்டர்மார் வைத்த பெயர் என்றுதான் எங்கள் அப்பத்தா சொல்லும்.

அப்பத்தா மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கன்னியரை யாராவது தங்கச்சி என்று கூப்பிட்டுக் கேட்டிருக்கிறீர்களா? சிஸ்டர், மதர், அம்மா என்போம். பக்கத்து அக்காள்மடத்துக்கு யார் பெயர் வைத்தார்கள்? மறுபடியும் சொல்கிறேன், ஒலியை நம்பாதீர்கள்.

ராமநாதபுரம் வாசகர்: ஓரியூர் அருளானந்தர் மடத்துத் துறவியா?

இல்லை. அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) இயேசு சபைப் பாதிரியார்; அந்தச் சபையார் மடத்துக்குள் அடைந்திருப்பவர்கள் அல்லர். அவர் பண்டாரசாமி (சைவத் துறவி) கோலத்தில் ஊர் ஊராகப் போனவர். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் உயிர் விட்டார்.

தேவிபட்டினம் வாசகர்: மடத்தனம் எந்த மடம்?

முதுகுளத்தூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

தங்கச்சிமடம் வாசகர்: அப்பத்தா ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது.

அக்காள் யார், தங்கச்சி யார் என்று அவரிடமே கதை கேட்டு எழுதி அனுப்புங்கள். அதற்காகக் காத்திருக்கிறேன்.