சாயங்காலமானால் அம்மாவுக்குக் கால் வீங்குவது பற்றி

திருப்பூர் பனியன் கம்பெனியில் நாள் முழுக்க நின்று செக்கிங் பார்க்கும் அம்மாவுக்குச் சாயங்காலம் இரண்டு கணுக்காலும் வீங்கி, காலையில் வடிந்துவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அசையாமல் நின்றால் கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளாதுங்க, நீர் கீழே தேங்கிவிடும். நிற்கும்போதே அடிக்கடி குதிகாலைத் தூக்கி இறக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் படுத்து, கால் நெஞ்சைவிட உயரமாக இருக்கும்படி தலையணை மேல் 20 நிமிடம் வைக்கட்டும். உப்பு அதிகமுள்ள ஊறுகாய், அப்பளத்தைக் குறைக்கட்டும்.

அப்புறம், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார்களா? அம்லோடிபின் என்றால் அதுவே கால் வீக்கம் தரலாம். எங்கள் அம்மாவுக்கு அதுதான். டாக்டர் மாத்திரையை மாற்றியதும் வடிந்தது. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சிறுநீர் டெஸ்டும், சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியேட்டினின் ரத்த டெஸ்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ, விடியட்டும் என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.