மார்க்கெட்டில் எடுத்த படங்களை மிரட்டி அழிக்க வைத்தால்?

கேள்வி: வடசென்னையில் கூரை போட்ட ஒரு பழைய காய்கறி மார்க்கெட்டுக்குள் காலையில் கேமராவோடு போனேன். கூரை இடுக்கு வழியாக வெயில் கீரைக்கட்டுகள் மேல் விழுந்ததை எடுத்துக்கொண்டிருந்தேன். சங்கத்து ஆள் என்று ஒருவர் வந்து கேமராவைப் பிடுங்கி, 500 ரூபாய் கொடு, இல்லாவிட்டால் உடைத்துவிடுவேன் என்றார். கொடுத்தேன். படங்களையும் அழிக்க வைத்தார். நான் செய்தது தப்பா சார்?

பதில்: தப்பில்லை தம்பி. முதலில் அந்த மெமரி கார்டைக் கழற்றி வையுங்கள், அதில் இனி எதையும் எடுக்காதீர்கள். மேலே புதுப் படம் பதியாத வரை, அழித்ததை மீட்க நல்ல வாய்ப்பு உண்டு. நீங்கள் அங்கே இருந்ததற்கு அதுவே சாட்சி.

மார்க்கெட்டுக்குள் படமே எடுக்கக்கூடாது என்று பொதுவான சட்டம் எதுவும் கிடையாது. கட்டடத்தைப் படம் எடுப்பதை 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் 52-வது பிரிவில் அனுமதிக்கிறது. சென்னையின் பழைய மூர் மார்க்கெட்டை, அது 1985 தீ விபத்தில் அழிந்ததற்கு அப்புறம் நாம் படத்தில்தானே பார்க்கிறோம், அதனால் உங்கள் வேலையை விட்டுவிடாதீர்கள். இடத்துக்குச் சொந்தக்காரர், மாநகராட்சியோ தனியாரோ, படம் எடுக்கக்கூடாது என்று போர்டு வைக்கலாம், வெளியே போகச் சொல்லலாம், சொன்னால் போய்விட வேண்டும். ஆனால் கேமராவில் கைவைக்க அவருக்கும் உரிமை இல்லை. போலீஸே ஒரு பொருளைக் கைப்பற்றினால் மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவித்தாக வேண்டும், இதில் சங்கத்து ஆள் யார்?

உடைப்பேன் என்று மிரட்டிப் பணம் வாங்கியது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) 308-வது பிரிவில் வரும் குற்றம், போகவிடாமல் வழி மறித்திருந்தால் 126-வது பிரிவும் சேரும்.

ஆட்களின் முகம் வேறு விஷயம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கூடையோடு உட்கார்ந்திருக்கும் அம்மாவை நெருக்கத்தில் எடுக்கும் முன், "ஒரு படம் எடுத்துக்கட்டுமாம்மா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அந்த முகம் விளம்பரத்துக்குப் போவதாக இருந்தால் எழுத்திலேயே சம்மதம் வாங்குங்கள்.

சரி, புகார். அந்தப் பகுதி ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து, புகார் வந்ததைப் பதிந்ததற்கு அடையாளமான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். புகாரை வாங்க மறுத்தால் போலீஸ் துணை ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது. தேதி, நேரம், எந்தக் கடைக்கு எதிரே நடந்தது, அந்த ஆள் பார்க்க எப்படி இருந்தார் என்பதை மறப்பதற்குள் இன்றைக்கே எழுதி வையுங்கள். அந்த 500 ரூபாயை ஜிபேயில் அனுப்பியிருந்தால் அதன் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து வையுங்கள்.