தாத்தா சொன்ன தமிழ்

கேள்வி: உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகள், பள்ளித் திட்டப்பணிக்காகத் தன் தாத்தாவின் துறைமுக வேலை நாள்களைப் பற்றி அவரிடம் கேட்டு எழுதினாள். அவர் பேச்சுத் தமிழில் சொன்னதை நல்ல எழுத்துத் தமிழுக்கு மாற்றி அவள் வாசித்துக் காட்டியபோது, "இது நான் சொன்னது இல்லம்மா" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் மனத்தாங்கல். பேச்சு வழக்கில் எழுதினால் மதிப்பெண் குறையுமே என்று மகள் அஞ்சுகிறாள். உங்களுக்கு இப்படி ஏதேனும் அனுபவம் உண்டா? நான் யார் பக்கம் பேசுவது?
– ஒரு வாசகி, ஈசூன்

பதில்: தாத்தாவின் பக்கம் பேசுங்கள், சகோதரி. மகளைக் கடிந்துகொள்ளவும் வேண்டாம். அவள் வயதில் நானும் அதையே செய்தேன். அதற்கான விலையை வேறொருவர் கொடுத்தார்.

என் தந்தை செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தார். நாங்கள் அதை 'நேவல் பேஸ்' என்றுதான் சொல்வோம். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக வந்து, பத்து இருபது ஆண்டுகளாக மாதந்தோறும் பணம் அனுப்பிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் அங்கே நிறையப் பேர் இருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை பசியாறிய கையோடு ஏரோகிராம் எனும் நீல நிற விமானக் கடிதத்தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார்கள். தமிழ்க் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கிய பையன் என்பதால், பதின்மூன்று வயதில் நான்தான் அவர்களுக்குக் கடிதம் எழுதுபவன்.

பிரிட்டிஷ் படைகள் 1971க்குள் சிங்கப்பூரைவிட்டு வெளியேறும் என்று 1968 ஜனவரியில் லண்டனில் அறிவித்தார்கள். அந்த ஞாயிறு முதலில் வந்தவர் அப்பாவின் கூட்டாளி, மன்னார்குடிப் பக்கத்துக்காரர். திண்ணையில் குந்தி உட்கார்ந்து, கையிலிருந்த துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "பேஸை மூடப் போறாங்களாம். இப்ப இல்ல, மூணு வருசத்துக்கு மேல ஆகும். அதுவரைக்கும் பணம் மாசாமாசம் வரும், பயப்படாதே. மாட்டை மட்டும் வித்துடாதே. அவ்வளவுதான் தம்பி, எழுதிக்க."

எனக்கு அது மிகச் சாதாரணமாகப் பட்டது. இவ்வளவு பெரிய செய்தியில் மாட்டுக்கு என்ன இடம் என்று நினைத்தேன். 'என் ஆருயிர்த் துணைவியே' என்று தொடங்கி, 'நம் தலையில் பேரிடி விழுந்துவிட்டது', 'காலத்தின் கோலம்', 'மனந்தளரேல்' என்றெல்லாம் எழுதித் தாளை நிரப்பினேன். மூன்று ஆண்டுக் கணக்குக்கும் மாட்டுக்கும் அதில் இடமில்லாமல் போயிற்று. வாசித்துக் காட்டியபோது அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். "நல்லா எழுதியிருக்கே தம்பி" என்று சொல்லி, வேண்டாம் என்று நான் மறுத்தும் பத்துக் காசை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். தான் சொன்னது அதில் இல்லை என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்கும். படித்த பிள்ளை எழுதியதைக் குறை சொல்வது தனக்குத் தகாது என்று அவர் வாயடைத்துக்கொண்டார் என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் விளங்கியது.

ஒரு மாதம் சென்று பதில் வந்தது. அதை அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டியவனும் நான்தான். பக்கத்து வீட்டுப் பெண் யாரோ எழுதிக் கொடுத்திருந்த அந்தக் கடிதத்தில், பேரிடி விழுந்த சேதி அறிந்து மூன்று நாளாக உலை வைக்கவில்லை, இனிப் பணம் வராது என்பதால் கறவை மாட்டை விற்று மளிகைக் கடனை அடைத்துவிட்டேன், எப்படியாவது உயிரோடு வந்து சேருங்கள் என்று இருந்தது. 'மாட்டை விற்று' என்ற இடத்தில் என் குரல் எழும்பவில்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவரோ சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து இன்னொரு ஏரோகிராமை எடுத்து நீட்டினார். "நான் சொல்றதை அப்படியே போடு தம்பி. பிசகா இருந்தாலும் அவளுக்கு வெளங்கும்."

அப்படியே எழுதினேன். 1971இல் அவர் 'ரஜூலா' கப்பலேறி ஊருக்குப் போகும்வரை அவருடைய கடிதங்களை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் எழுதினேன். ஆனால் விற்ற மாடு திரும்பவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், சகோதரி, தாத்தா "இது நான் சொன்னது இல்ல" என்று வாய்விட்டுச் சொன்னது உங்கள் மகளுக்குக் கிடைத்த பெரும் பேறு. அந்த ஒரு வாக்கியத்தை என்னிடம் சொல்ல மன்னார்குடிக்காரருக்குத் துணிவு வரவில்லை. அவருக்கு நான் அந்தத் துணிவைத் தரவில்லை என்பதே உண்மை.

மதிப்பெண்ணைப் பற்றிய அச்சத்துக்கு ஒரு வழி உண்டு. முன்னுரையையும் விளக்கங்களையும் மகள் தன் எழுத்துத் தமிழில் எழுதட்டும். தாத்தாவின் பேச்சை மேற்கோள் குறிக்குள் அவர் சொன்னபடியே வைக்கட்டும். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பணி 1979இல் தொடங்கியது. அங்கே பேசியவரின் குரலையே ஒலிப்பதிவாகக் காக்கிறார்கள். ஆசிரியரிடம் அதை எடுத்துச் சொல்லலாம். கைப்பேசியில் பதிவுசெய்துகொண்டு, பிறகு நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். அவர் 'தொங்கான்' என்றால் அதைச் 'சரக்குப் படகு' ஆக்க வேண்டாம், 'கிராணி' என்றால் 'எழுத்தர்' ஆக்க வேண்டாம். பொருளை அடிக்குறிப்பில் தந்தால் போதும். அவர் இரண்டு முறை சொன்னதை இரண்டு முறையும் எழுதட்டும், ஏனென்றால் அவருக்கு எது முக்கியம் என்பது அங்கேதான் இருக்கும்.

எழுதி முடித்ததும் மறுபடி அவர் அருகில் உட்கார்ந்து வாசிக்கட்டும். அவர் தலையாட்டினால் அதோடு நிறுத்திவிடாமல், "தாத்தா, நீங்க சொன்னதுல நான் எதை விட்டுட்டேன்?" என்று அவளே கேட்கட்டும்.