பதநீர் காய்ச்சும் இடத்துக்கு எந்தப் பம்பு வாங்கலாம்?

கேள்வி: சாயல்குடி அருகே பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி போடுகிறோம். தொட்டியிலிருந்து கொப்பரைக்குக் குடத்தில் சுமக்க ஆள் கிடைப்பதில்லை. வெளிநாடுகளில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்கள் பயன்படுத்தும் சிறிய காந்தப் பம்பு எங்களுக்குச் சரிவருமா?

பதில்: பதநீருக்குச் சரிவரும், பாகுக்கு வராது. பாகு இறுகும் நேரத்தில் சூடு 115 டிகிரியைத் தாண்டிவிடும். குழாய்க்குள் கொஞ்சம் ஆறினாலே கல்லாகிவிடும். அதற்கு அகப்பையும் சிரட்டையும்தான்.

நான் கீழக்கரைப் பக்கம் பம்பு பழுதுபார்க்கிறவன். கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை எச்.பி. என்றுதான். உங்கள் வேலைக்கு அது கடைசிக் கேள்வி. தரையிலிருந்து அடுப்பு மேடைக்கு ஓர் ஆள் உயரம்கூட இல்லை. நிமிடத்துக்கு 10 லிட்டர் வந்தால் 100 லிட்டர் கொப்பரை பத்து நிமிடத்தில் நிறைந்துவிடும். ஆனால் பம்பின் தகட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். அதில் உள்ள அதிகபட்ச உயரத்தில் ஒரு சொட்டும் வராது. அதிகபட்ச அளவோ உயரமே இல்லாதபோது வருவது. இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

காந்தப் பம்பில் மோட்டாரின் தண்டு பதநீருக்குள் நுழைவதில்லை. காந்த இழுப்பிலேயே விசிறி சுற்றுகிறது. அதனால் சீல் தேய்ந்து ஒழுகும் தொல்லை கிடையாது. ஆனால் அது தானாக உறிஞ்சாது. வறட்சியாக ஓடினால் உள்ளே தேய்ந்து போகும். ஆகவே பம்பைத் தொட்டியின் அடிமட்டத்துக்கும் கீழே வையுங்கள். உறிஞ்சும் குழாய் குட்டையாகவும் அகலமாகவும் இருக்கட்டும். வேகத்தைக் குறைக்க வால்வை வெளியேறும் பக்கத்தில் மட்டும் வையுங்கள். ஈ, எறும்பு, பாளைத் துணுக்கு எல்லாவற்றையும் தொட்டியில் ஊற்றும்போதே துணியில் வடிகட்டிவிடுங்கள். உறிஞ்சும் வாயில் நெருக்கமான வலை கட்டினால் அடைத்துக்கொண்டு பம்பு திணறும்.

கலயத்தில் சுண்ணாம்பு தடவுவதால் நம் பதநீர் காரத்தன்மை உடையது. காரம் அலுமினியத்தை அரிக்கும். எனவே அலுமினியத் தலை (பதநீர் ஓடும் பகுதி) உள்ள பம்பு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். 304 ரக எவர்சில்வர் போதும். 316 கடற்காற்றை இன்னும் நன்றாகத் தாங்கும் என்றாலும் அந்த விலை கொடுக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். குழாய்க்கு உணவுத் தர சிலிக்கான். ஏர்கூலரில் போடும் பம்பை யாராவது சிபாரிசு செய்தால் கேட்டுக்கொள்ளுங்கள், வாங்காதீர்கள்.

அமெரிக்காவிலிருந்து வரவழைத்தால் 115 வோல்ட்டா என்று பாருங்கள். நம் 230 வோல்ட்டில் நேராகச் சொருகினால் மோட்டார் எரிந்துவிடும். ஈரத்தில் நின்று செய்யும் வேலை என்பதால் எர்த்தும், கசிவு வந்தால் தானே அணையும் பிரேக்கரும் கட்டாயம்.

காய்ச்சி முடித்ததும் வெந்நீர் ஓட்டுங்கள். சுண்ணாம்புப் படிவுக்கு எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்த நீர். உங்கள் கிணறு உவர் என்றால் கடைசி அலசலுக்கு மட்டும் குடிநீர் எடுத்துக்கொள்ளுங்கள்.