நிமிர்ந்து உட்கார முடியவில்லையே!

கேள்வி: எனக்கு வயது 43. ஜவுளிக்கடையில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் பில் போடும் வேலை. இரண்டு வருடமாகக் கழுத்து வலி. 'நிமிர்ந்து உட்கார்' என்கிறார்கள்; ஐந்து நிமிடம் தாங்குவதில்லை. மே மாதம் லண்டனில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறேன். அங்கே அலெக்ஸாண்டர் டெக்னிக் வகுப்பில் சேரச் சொல்கிறாள். அது யோகா மாதிரியா? சேரலாமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: தாராளமாகச் சேருங்கள். கையில் மரமரப்போ, விரலில் வலுக்குறைவோ இருந்தால் மட்டும் முதலில் டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

நாற்பது வருடமாக வீணை வாசிக்கிறேன். விரல் வைக்கும் மெட்டுகளைப் பார்த்துப் பார்த்து என் கழுத்து இடப்பக்கமே திரும்பி, தோள் காதுக்குக் கிட்டே ஏறிவிட்டது. நிமிரச் சொன்னால் நெஞ்சைத் தூக்கி விறைத்துக்கொள்வேன். அசந்ததும் பழையபடி சரிவேன். மகள் வீட்டுக்கு லண்டன் போனபோதுதான் பன்னிரண்டு பாடம் எடுத்துக்கொண்டேன். அங்கே ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கில் இசை மாணவர்களுக்கே இதைச் சொல்லித்தருகிறார்கள்.

முதல் நாள் ஒரு நாற்காலி, எதிரே கண்ணாடி. ஆசிரியை என் பிடரியில் லேசாகக் கை வைத்து, "எழுந்திருங்கள்" என்றார். நான் இன்னும் எழவே இல்லை. எழ நினைத்ததுமே பிடரி இறுகி, முகவாய் மேலே போய்விட்டது! "இப்போது எழ வேண்டாம் என்று மனதுக்குச் சொல்லுங்கள்" என்றார். ஐந்தாறு தடவை அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் ஒரு தடவை, கழுத்து இளகியபடியே இருக்க, முழங்காலில் கை ஊன்றாமல் எழுந்து நின்றேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

யோகாவில் ஆசனம் பழகுகிறோம். இங்கே உட்காரும்போதும் எழும்போதும் வேண்டாமல் இறுக்குவதை விடப் பழகுகிறோம். 1869ல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில் பிறந்த அலெக்ஸாண்டர், மேடையில் கவிதை சொல்பவர். அடிக்கடி குரல் கம்மிப்போகவே, கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தார். வாயைத் திறக்கும்போதெல்லாம் தலையைப் பின்னுக்கு இழுத்துக் குரல்வளையை அமுக்குவது தெரிந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் இந்தப் பயிற்சி.

நாள்பட்ட கழுத்து வலிக்காரர்கள் 517 பேரை வைத்து பிரிட்டனில் நடந்த ஆய்வு ஒன்று 2015ல் வெளிவந்தது. வழக்கமான சிகிச்சையோடு 20 பாடம் வரை எடுத்தவர்களுக்கு, அந்தச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட ஒரு வருடம் கழித்தும் வலி குறைவாக இருந்தது. அடியோடு போய்விடும் என்று நான் சொல்லமாட்டேன். நாலைந்து பாடத்தோடு நிறுத்திவிடாதீர்கள்.

மே வரை தினமும் பதினைந்து நிமிடம் பாயில் மல்லாந்து படுங்கள். முழங்காலை மடக்கி, பாதம் தரையில் பதியட்டும். தலைக்குத் தலையணை வேண்டாம், புத்தகம் வையுங்கள். முகவாய் மேலே தூக்கவும் கூடாது, தொண்டையை அழுத்தவும் கூடாது. அந்த உயரம்தான் கணக்கு. எனக்கு மூன்று பாட்டு நோட்டு சரியாக இருக்கிறது.