பெத்தது ஒன்பது, தங்கினது நாலு

அன்புள்ள ஐயா,

போன ஞாயிறு புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நிற்கக்கூட இடமில்லை. எல்லாப் பிரச்சினைக்கும் மக்கள்தொகைதான் வேர் என்று தோன்றுகிறது. ஜனங்கள் பெருகுகிற வேகத்துக்குச் சோறு போதாது என்று பொருளாதார அறிஞர் மால்தஸ் அன்றே சொன்னார். ஏழைகள் யோசிக்காமல் பெற்றுத் தள்ளுகிறார்கள். இரண்டுக்கு மேல் கூடாது என்று சட்டம் போட்டால் என்ன? என் மனைவிக்கு இது ஐந்தாம் மாதம். இந்த நெரிசலுக்குள் இன்னொரு உயிரா என்று இரவில் தூக்கம் வருவதில்லை.

ஆர்., லாசுப்பேட்டை

அன்புள்ள ஆர்.,

முதலில் தூங்குங்கள், அந்தப் பெண்ணையும் தூங்கவிடுங்கள். மாசமாக இருப்பவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு மால்தஸை நினைக்கிறவரை என்ன சொல்லித் திட்டுவது? பிள்ளை நல்லபடியாகப் பிறக்கும். பயப்படாதீர்கள்.

கடற்கரைச் சாலையில் நீங்கள் பார்த்த கூட்டம் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் காரில் வந்தது, பிரசவ வார்டிலிருந்து அல்ல. மால்தஸ் 1798இல் எழுதினார். அப்போது உலகத்தில் 100 கோடிப் பேர்கூட இல்லை. 2022 நவம்பரில் 800 கோடியைத் தொட்டோம். அவரை விடுங்கள்.

'பெற்றுத் தள்ளுகிறார்கள்' என்றீர்களே, அதை விடமாட்டேன். 1911 கணக்கெடுப்பில் இந்தியாவின் தலைகள் 25.2 கோடி. 1921இல் 25.1 கோடி. பத்து வருஷம் நாடு முழுக்கப் பெற்றும் எண்ணிக்கை இறங்கியிருக்கிறது. பிளேக், காலரா, எல்லாவற்றுக்கும் மேலே 1918இன் விஷக்காய்ச்சல். 1921க்குப் பிறகு எந்தக் கணக்கெடுப்பிலும் எண்ணிக்கை இறங்கவே இல்லை. பெண்கள் திடீரென்று கூடுதலாகப் பெற ஆரம்பித்தார்களா? இல்லை. பிள்ளைகள் சாவது குறைந்தது. கொள்ளைநோய்கள் அடங்கின, சுதந்திரத்துக்குப் பிறகு அம்மைத் தடுப்பூசி, கொசுவைக் கொல்லும் டிடிடி, பென்சிலின் எல்லாம் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தன. ஜனத்தொகை பெருகியதன் கதை முக்கால்வாசி இதுதான். நீங்கள் குற்றம்போல் எழுதுவது, செத்திருக்க வேண்டிய குழந்தைகள் சாகாமல் போனதை.

கொஞ்ச நாளாக இதேதான் மண்டையில் ஓடிக்கொண்டிருக்கிறது. கடலூர் முதுநகர் வீட்டின் பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். பிச்சை, குப்பம்மாள், மறுபடி ஒரு பிச்சை. முந்தைய பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்ததற்கு வைக்கிற பெயர்கள். எமன் கண்ணுக்கு அது குப்பையாகத் தெரியவேண்டும். என் தாய்மாமாவைப் பிறந்த அன்றே எதிர்வீட்டுக்காரி முறம் தவிட்டுக்கு 'வாங்கி'க்கொண்டு, பிறகு பெற்றவளான எங்கள் ஆயாவிடமே 'வளர்க்கக் கொடுத்தாளாம்'. மூக்கும் குத்தியிருந்தார்கள். கல்யாணமாகிப் பேரன் எடுத்த பிறகும் வலது மூக்கில் மிளகளவு தழும்பு இருந்தது. ஆயாவிடம் எத்தனை பிள்ளை என்று கேட்டால் ஒரே பதில்: "பெத்தது ஒன்பது, தங்கினது நாலு." யோசிக்காமல் பெற்றவள் பேச்சா இது? தங்கினது நாலே என்பதால்தான் ஒன்பது பெற்றாள்.

என் பேரப்பிள்ளைகளின் வகுப்பில் ஒரு பிச்சை இல்லை, குப்பம்மாள் இல்லை. 2020 கணக்குப்படி தமிழ்நாட்டில் பிறக்கும் ஆயிரத்தில் 13 சிசுக்கள்தான் ஒரு வயதுக்குள் இறக்கின்றன. அந்தப் பதிமூன்றும் பாவம்தான். ஆனால் பிறக்கிறது தங்கும் என்று தாய்க்கு நம்பிக்கை வந்தது. அந்தத் தைரியத்தில்தான் இரண்டோடு போய்க் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டாள். முக்கோணப் போஸ்டர் ஒட்டியவர்களும் உழைத்தார்கள், ஒப்புக்கொள்கிறேன். போஸ்டர் மட்டும் எங்கள் ஆயாவிடம் செல்லுபடியாகியிருக்காது.

சந்தேகமிருந்தால் 2004 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். தேவனாம்பட்டினத்தில் பிள்ளைகளைக் கடல் கொண்டுபோனது. தமிழகக் கரையெங்கும் அப்படிப் பறிகொடுத்த தாய்மார்களில் பலர் ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். அரசு சொன்னபடி இரண்டோடு நிறுத்தியவர்கள். கருக்குழாயை மறுபடி இணைக்கும் அறுவைசிகிச்சைக்கு அரசே செலவை ஏற்கவேண்டி வந்தது. அந்தப் பெண்களிடம் போய், கடற்கரைச் சாலையில் நிற்க இடமில்லை என்று சொல்லிப் பாருங்களேன்.

சட்டம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு தலைமுறை தன்னை ஈடுசெய்துகொள்ளப் பெண்ணுக்கு 2.1 பிள்ளை வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாடு 1.8, உங்கள் புதுச்சேரி 1.5. இப்போது தலைவர்களே மேடையேறி இன்னும் பெறுங்கள் என்கிறார்கள். அதையும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். லாசுப்பேட்டையில் யாருக்காகச் சட்டம் கேட்கிறீர்கள்?

ஏழாம் மாதம் வளைகாப்புக்குச் சொல்லி அனுப்புங்கள். வருகிறேன்.